மஞ்சளாக வந்த மாற்று ஏற்பாடு

எதற்கும் ஒரு மாற்று ஏற்பாடு வைத்திருக்கும் ஆட்களை நம்பலாம் என்று பொதுவாக ஓர் எண்ணம் உண்டு. நம்ப வேண்டாம். நானும் அந்த வகைதான். என் கைப்பையில் எப்போதும் இரண்டு பேனா, இரண்டு மின்னேற்றி, இரண்டு கைக்குட்டை இருக்கும். (மூன்றாவது கைக்குட்டை ஒன்றும் உண்டு, முதல் இரண்டையும் யாராவது வாங்கிக்கொண்டால் உதவுமே என்று.) என் அக்கா ஸ்டெல்லாவின் கல்யாணத்துக்காக நான் செய்துவைத்த ஏற்பாடு, எழுதிக்கொடுத்ததில் இம்மியும் பிசகாமல் வேலை செய்தது. அதனால்தான் அன்றைக்குப் பாதிரியார் மஞ்சளானார்.

நான் கட்டுப்பாட்டுப் பொறியியல் படித்தவள். குழாய்களில் தண்ணீரோ எண்ணெயோ நீராவியோ ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பது, ஏதாவது ஒரு பாகம் கெட்டுப்போனால் ஓட்டம் நிற்காமல் வேறு வழியில் திருப்பிவிடுவது, இதுதான் என் தொழில். என் கனவில் மனிதர்கள் வருவது குறைவு. குழாய்கள் வரும். நீளமான, மினுங்கும் குழாய்கள். ஒன்று மூடிக்கொள்ள இன்னொன்று தானாகத் திறந்துகொள்ளும். உள்ளே தண்ணீர் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகும். விழித்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தச் சத்தம் காதில் இருக்கும்.

எங்கள் தோட்டம் ரெம்பா ஊரைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைகளுக்கு நடுவே இருக்கிறது. பள்ளத்தில் ஓர் ஓடை, அதன் கரையில் பம்பு வீடு. நடுவில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளும் எங்கள் சிற்றாலயமும். மேட்டின் உச்சியில் மாரியம்மன் கோயில். விடிகாலைப் பனியில் முதலில் பம்பு வீடு மறையும், பிறகு லயம் மறையும், கடைசியில் கோயில் கோபுரம் மட்டும் பாலில் மிதக்கிற மாதிரி நிற்கும். அந்த நேரத்தில் வாசலில் நின்றுகொண்டு, மண்ணுக்கடியில் ஓடும் குழாய்களை மனசுக்குள் வரைந்து பார்ப்பது எனக்குப் பிடித்தமான பொழுதுபோக்கு. (ஏன் எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று யாராவது கேட்டால், அக்கா இதைத்தான் சொல்வாள்.)

மாப்பிள்ளை வீட்டார் செரம்பான், லோபாக்கில் இருப்பவர்கள். மாப்பிள்ளையின் அம்மா மார்த்தா ஆன்ட்டி முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது கோழிக் குழம்பைச் சோற்றில் பிசைந்து நன்றாகச் சாப்பிட்டார். கை கழுவப் போனார். குழாயைத் திறந்தார். அது ஒரு தரம் இருமியது. அவ்வளவுதான். அறுவைச் சிகிச்சைக்குப் போகும் டாக்டர் மாதிரி வலது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி கூடத்துக்குத் திரும்பி வந்தார்.

“என்னா இது, தண்ணி இல்லையா?”

“பம்பு அப்பப்ப மக்கர் பண்ணும் ஆன்ட்டி,” என்றாள் அக்கா.

“கல்யாணத்தன்னிக்கும் மக்கர் பண்ணுமா?”

அப்பா பீப்பாயிலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் மொண்டுவந்து, வாசலில் நின்று அந்தக் கையில் ஊற்றினார். அப்போது அவர் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

சி ரூசா என்ற ஊரில், கடற்கரைச் சாலையில் ஒரு ஹோட்டல் இருப்பதாக மார்த்தா ஆன்ட்டி சொன்னார். குளுகுளு மண்டபம், கார் நிறுத்த இடம், நிற்காத தண்ணீர். அக்கா மறுத்துவிட்டாள். எங்கள் சிற்றாலயத்துக்குப் பின்னால்தான் அம்மாவின் கல்லறை இருக்கிறது. பீடத்தில் மோதிரம் மாற்றிக்கொண்டு நேரே அம்மாவிடம் போய்க் கையிலிருக்கும் பூங்கொத்தை வைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஹோட்டலிலிருந்து நடந்து போகிற தூரமில்லை அது.

மார்த்தா ஆன்ட்டி ரொம்ப நேரம் யோசித்தார். “சரி லா, இங்கயே வெச்சிக்கலாம். ஆனா ஒன்னு. அன்னிக்குத் தண்ணி நின்னுச்சு, அதுக்கப்புறம் நல்லது கெட்டது எல்லாம் எங்க பக்கம்தான். வளைகாப்பு, ஞானஸ்நானம், கிறிஸ்மஸ், எதுக்கும் இந்த எஸ்டேட்டுல நான் கால வைக்க மாட்டேன். என் மவனும் மருமவளும்தான்.”

அப்பா தரையைப் பார்த்தார். எங்களுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அக்கா போய்விட்டால் வீட்டில் அப்பாவும் நானும்தான். நானும் வாரத்தில் பாதி நாள் தொழிற்சாலையில். பண்டிகைக்குக்கூட அவள் வராவிட்டால் அந்த வீடு என்ன ஆகும் என்பது அந்த இடத்தில் எல்லோருக்கும் தெரிந்தது.

“நிக்காது ஆன்ட்டி, நான் பாத்துக்கறேன்,” என்றேன். மிகவும் நிதானமாகச் சொன்னதாக ஞாபகம். நிதானம்தான் என்னிடம் இருப்பதிலேயே ஆபத்தான குணம்.

ஓர் ஓட்டம் நிற்காமல் இருக்க மூன்று விஷயங்கள் வேண்டும். கெட்டது எது என்று பார்க்க ஒரு கண், அதை ஒதுக்கிவைக்க ஒரு கை, அதன் இடத்தில் நிற்க ஒரு பதிலாள். கண்ணுக்கு, குழாயின் அழுத்தத்தை அளக்கும் ஒரு கருவி வாங்கினேன். கைக்கு, தொழிற்சாலையில் ஒதுக்கிப்போட்ட ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி கிடைத்தது. (அனுமதி வாங்கித்தான் எடுத்தேன். இரண்டு பேரிடம்.) பதிலாளுக்கு, பழைய ஏ பம்புக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் புத்தம்புது பி பம்பு. அதுவும் போய்விட்டால்? அதற்கு மேட்டின் உச்சியில், மாரியம்மன் கோயில் மதிலுக்குப் பின்னால், ஒரு பெரிய சி தொட்டி. அங்கிருந்து தண்ணீர் தானாகவே சரிந்து வந்துவிடும், மின்சாரமே வேண்டாம். பிள்ளைகள் விளையாட்டாகத் திருகிவிடப் போகிறார்கள் என்று தொட்டியின் வால்வுக் கைப்பிடியைக் கழற்றி, பம்பு வீட்டு அலமாரியில் பூட்டி வைத்தேன். எல்லாவற்றையும் பெட்டி பார்த்துக்கொள்ளும். மனிதக் கை படவே தேவையில்லை.

தொட்டி வைக்க இடம் கொடுத்தவர் கோயில் தலைவர் மாரிமுத்து அங்கிள். திருவிழாவின் கடைசி நாளும் எங்கள் கல்யாண நாளும் ஒன்றாக அமைந்துவிட்டதால், காலையில் எங்கள் கல்யாணம், மாலையில் அவர்களுடைய மஞ்சள் நீராட்டு என்று பேசி முடித்திருந்தோம். மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீரை முறைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஊற்றி விளையாடும் நாள் அது. மாமா, மச்சான், அத்தை மகன், மாமன் மகள், இந்த முறையில் இருப்பவர்கள் ஓடித் தப்ப முடியாது. முறை இல்லாதவர் மேல் ஒரு சொட்டு படக் கூடாது, பட்டால் பஞ்சாயத்துதான். தோட்டத்தில் நாங்கள் சில வீட்டார் மட்டும் கிறிஸ்துவர்கள் என்பதால், வருஷா வருஷம் வாசலில் நின்று பார்த்துச் சிரிப்பதோடு சரி.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் ஒரு நாள் விடிகாலையில் சோதனை செய்தேன். ஏ பம்பின் மின்சாரத்தைப் பிடுங்கினேன். எங்கும் நிசப்தம். பனி, செம்பனை ஓலைகளிலிருந்து சொட்டும் நீர், தூரத்தில் ஒரு சேவல். குழாயில் காதை வைத்தேன். பெட்டிக்குள் ஏதோ ஒன்று சொடுக்கியது. நீலப் பம்பு தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தது. பிறகு அதையும் நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில், மேட்டிலிருந்து மெல்ல இறங்கி வரும் தண்ணீரின் சத்தம், யாரோ தூக்கத்தில் சிரிப்பது போல. அந்த ஈரச் சுவரில் சாய்ந்தபடி நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. காதல் என்று மற்றவர்கள் சொல்வது இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாண நாளும் வந்தது. அக்கா வெள்ளைப் பட்டில் சிற்றாலயப் பூசைக்கு நடந்துபோனபோது, அவள் அக்காதானா என்று இருந்தது. மார்த்தா ஆன்ட்டி தந்தநிறப் பட்டு, முத்துமாலை. பாதிரியார் வெள்ளை அங்கி. வெளியே கூடாரத்தில் வெள்ளை விரிப்பு போட்ட மேசைகள், வெயிலுக்கு இதமாகப் பனி மாதிரி நீர் தூவும் நான்கு பெரிய விசிறிகள். (அவற்றையும் அதே குழாயில் இணைத்தது என் யோசனை. எல்லாமே என் யோசனை.) பூசை முழுக்க நான் கைப்பேசியை ஊமையாக்கிக் கைப்பையில் வைத்திருந்தேன். பெட்டியிலிருந்து ஏதாவது செய்தி வந்தால் அதற்குத்தான் வரும்.

பூசை முடிந்து எல்லோரும் கூடாரத்துக்கு வந்தார்கள். பாதிரியார் மேடையேறி, சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்லக் கண்ணை மூடினார். பின்வரிசையில் இருந்தவர்கள் ஜெபத்தைக் காற்றில் விட்டுவிட்டுக் கை கழுவக் குழாய்களுக்கு வரிசை கட்டினார்கள். சமையல்காரர்கள் அண்டா கழுவப் பெரிய ரப்பர் குழாயைத் திறந்தார்கள். அப்பா விசிறிகளைப் போட்டார். எல்லாம் ஒரே நேரத்தில்.

கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். ஐந்து வரிகள்.

ஏ பம்பு: பழுது. நிறுத்தப்பட்டது.
பி பம்பு: இயக்கப்பட்டது.
பி பம்பு: பழுது. நிறுத்தப்பட்டது.
சி தொட்டி: திறக்கப்பட்டது.
நிலை: இயல்பு.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பம்பும் போய்விட்டன, ஒரு குழாய்கூட இருமவில்லை, ஒருவருக்கும் தெரியவில்லை! நான் கனவு கண்டது இதைத்தான். இதை ஒருவரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. குழாயடியில் சவர்க்காரம் போட்டுக்கொண்டிருந்த மார்த்தா ஆன்ட்டியிடம் போனேன்.

“ஆன்ட்டி, ஒரு விஷயம் சொல்லவா? கீழ ரெண்டு பம்பும் இப்ப நின்னு போச்சு.”

“ஐயையோ! தண்ணி வருதே?”

“அதான் ஆன்ட்டி விஷயம்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் முதல் தடவையாகக் கொஞ்சம் மரியாதை தெரிந்தது. பிறகு தன் கையைப் பார்த்தார்.

குழாய்த் தண்ணீர் முதலில் வெயில் பட்ட மாதிரி லேசாக நிறம் மாறியது. பிறகு தேன் நிறம். பிறகு கெட்டியான, சந்தேகத்துக்கு இடமே இல்லாத மஞ்சள். கடைசியாக ஒரு வேப்பிலை வந்து அவர் மோதிர விரலில் ஒட்டிக்கொண்டது.

நான் திரும்பினேன். அந்தக் காட்சியை இப்போதும் மெதுவாகத்தான் நினைவுகூர முடிகிறது. நான்கு விசிறிகளும் சுழன்று சுழன்று பொன்னிற மூட்டத்தைத் தூவிக்கொண்டிருந்தன. வெயில் அதற்குள் புகுந்து, கூடாரம் முழுக்க ஒரு விளக்கின் உட்புறம் மாதிரி ஒளிர்ந்தது. வெள்ளை விரிப்புகள் மெல்லப் பூத்தன. அக்காவின் பட்டுப் புடவையில் ஒவ்வொரு புள்ளியாக மஞ்சள் வந்து உட்கார்ந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். பாதிரியார் கண்ணை மூடியபடி ஜெபத்தைத் தொடர்ந்தார். வழுக்கையிலும் கண்ணாடியிலும் தாடியிலும் மஞ்சள் இறங்கிக்கொண்டிருந்தது. “ஆமென்” சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தவர், உலகமே நிறம் மாறியிருப்பதைக் கண்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

“சிந்தா!” என்று கத்தினாள் அக்கா. (என் பெயர் ஜெசிந்தா. அவள் அந்தக் குரலில் கூப்பிட்டு அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் இல்லை.)

அப்பா ஓடிப்போய் விசிறிகளை நிறுத்தினார். அதே நேரம் மேட்டிலிருந்து மாரிமுத்து அங்கிள் மோட்டார் சைக்கிளில் இறங்கி வந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோபமாக.

“யாரு லா எங்க மஞ்சத் தண்ணியத் தொறந்து வுட்டது? சாயந்தரத்துக்கு வெச்சிருந்தோம்! தொட்டி காலியாவுது!”

“எந்தத் தொட்டி அங்கிள்?” என்றேன். பதில் எனக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது.

“அதான் பாப்பா, நீ வெச்ச தொட்டி. இந்த வருசம் அதுலதான் கலக்குனோம்.”

நல்ல தண்ணீர் வரவேண்டுமானால் பம்பு வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத்தான் சரிசெய்ய வேண்டும். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் மோட்டாரின் பின்னால் ஏறினேன். செம்மண் சாலையில் குலுங்கிக் குலுங்கிப் போனோம்.

“அங்கிள், அந்தத் தொட்டியில நல்ல தண்ணி இருந்துச்சு!”

“ஆமா லா, நல்ல தண்ணிதான். அதனாலதான் கலக்குனோம்.”

“பி பம்பு என்னாச்சுன்னு தெரியல. அதுவும் வேல செய்யல.”

“எது, அந்த நீலக் கலரு பம்பா? அது மேல இருக்கு. ரதம் கழுவ நேத்து எடுத்துட்டுப் போனோம். நல்லா அடிக்குது பாப்பா, காசு குடுத்தாலும் இப்படி ஒன்னு கெடைக்காது.”

“அங்கிள்! அது கல்யாணத்துக்கு வெச்சது!”

“சும்மாதானே நின்னுச்சு?”

“சும்மா நிக்கல. காத்துக்கிட்டு இருந்துச்சு!”

அவர் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினார். “அப்படின்னா ஒரு அட்டையில எழுதித் தொங்கவுட்டிருக்கலாம்ல?”

அட்டை! எத்தனையோ படித்தேன், எத்தனையோ கணக்குப் போட்டேன், அட்டை மட்டும் தோன்றவில்லை. எங்கள் தோட்டத்தில் சும்மா இருப்பது என்று ஒரு நிலையே கிடையாது. சுவரில் சாய்ந்த ஏணி, பாதி சிமெண்டு மூட்டை, யாரும் உட்காராத நாற்காலி, எதுவும் பொழுது சாய்வதற்குள் யாருக்காவது உதவிக்கொண்டிருக்கும். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மூன்று சங்கங்கள் அவரைப் பொருளாளர் ஆக்கின. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் நான். இதே ஊரில் புத்தம்புதுப் பம்பையும் நிறைந்த தொட்டியையும் சும்மா நிறுத்திவைத்து, அவை சும்மாவே நிற்கும் என்று நம்பியிருக்கிறேன்.

பம்பு வீட்டில் இன்னொன்று காத்திருந்தது. ஏ பம்புக்கு ஒன்றுமே ஆகவில்லை. தொட்டுப் பார்த்தேன், நல்ல ஆரோக்கியம். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் குழாய்களைத் திறந்ததால் அழுத்தம் இறங்கியிருக்கிறது. என் பெட்டியோ பம்பு செத்துவிட்டது என்று முடிவுகட்டி, உயிரோடு இருந்ததைப் பிடித்துச் சவப்பெட்டியில் வைத்து ஆணியடித்துவிட்டது. தாகத்தையும் நோயையும் பிரித்துப் பார்க்க நான் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

மீண்டும் இயக்கும் பொத்தானை அழுத்தினேன். திரையில் என் கைவண்ணத்தில் கேள்விகள் வந்தன. கசிவு இல்லை என்று உறுதிசெய்தீர்களா? பம்பின் சூடு பார்த்தீர்களா? வடிகட்டியைத் திறந்து பார்த்தீர்களா? அவசரத்தில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு இயக்கிவிடக் கூடாது என்று நானே எழுதிவைத்தவை.

“என்னா பாப்பா, ஆமா ஆமான்னு அமுக்கிட்டுப் போயேன்,” என்றார் மாரிமுத்து அங்கிள்.

என்னால் முடியவில்லை. மேலே ஒரு கல்யாணமே மஞ்சளாகிக் கிடக்க, நான் பட்டுப் புடவையோடு குந்தி உட்கார்ந்து வடிகட்டியைத் திறந்து பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

ஏ பம்பு ஓடத் தொடங்கியதும் மறுபடி மோட்டாரில் ஏறினேன். செம்பனை ஓலைகளுக்கிடையே வெயில் காசு காசாக விழுந்துகொண்டிருந்தது. இந்தச் சாலை முடியாமலே போய்க்கொண்டிருந்தால் நல்லது என்று தோன்றியது. அக்கா இனி இங்கே வரப்போவதில்லை. அப்பாவிடம் என்ன சொல்வது?

கூடாரத்தில் கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. தங்கள் தண்ணீரைத் தேடிக் கோயில்காரர்கள் மொத்தமாக இறங்கி வந்துவிட்டார்கள். நடுவில் ஒரு நாற்காலியில் மார்த்தா ஆன்ட்டி, முத்துமாலை உட்பட முழு மஞ்சளாக, அசையாமல் உட்கார்ந்திருந்தார். அப்பா பக்கத்தில் ஒரு துண்டை நீட்டியபடியே நின்றார். ஆன்ட்டி அதை வாங்கவில்லை.

“இத ஊத்துனது யாரு?” என்று கேட்டார் ஆன்ட்டி.

கூட்டம் என் பக்கம் திரும்பியது. மாரிமுத்து அங்கிளுக்கு மட்டும், தலைவர் என்ற முறையில், ஓர் ஒழுங்குப் பிரச்சினை தெரிந்தது. “அதாவதும்மா, மஞ்சத் தண்ணிய முறை உள்ளவங்கதான் ஊத்தணும். இல்லாட்டி சாமி குத்தம். இப்ப ஊத்துனது பெட்டி. பெட்டிய வெச்சது இந்தப் பொண்ணு. அப்ப இந்தப் பொண்ணு உங்களுக்கு முறையாவணும்.”

“பொம்பளைக்குப் பொம்பள என்னா முறை?” என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

“அப்ப மாமன் முறைன்னு வெச்சிக்க வேண்டியதுதான் லா. வேற வழி இல்ல.”

மார்த்தா ஆன்ட்டி என்னைப் பார்த்தார். பிறகு மேடையில், துடைக்கத் துடைக்க மஞ்சளாகிக்கொண்டே போன கண்ணாடியோடு போராடும் பாதிரியாரைப் பார்த்தார். ஆன்ட்டியின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் முன்னால் ஓடினேன். அழவில்லை. சத்தம் வெளியே வராத ஒரு சிரிப்பு. பிறகு வந்தது, கூடாரமே திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. சிரித்துக்கொண்டே எழுந்து, பக்கத்திலிருந்த பெண்ணின் குடத்தில் மீதியிருந்த மஞ்சள் தண்ணீரை வாங்கி, என் தலையில் மொத்தமாகக் கவிழ்த்தார்.

“மொறைன்னா திருப்பி ஊத்தணும்ல, மாமா?” என்றார்.

அதன் பிறகு நடந்தவற்றுக்கு நான் பொறுப்பில்லை. அப்பாவையும் யாரோ நனைத்தார்கள். மாப்பிள்ளையை அவர் அம்மாவே பிடித்துக்கொடுத்தார். சமையலில் தேநீர் மட்டும்தான் மஞ்சளானது. குடித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். அக்கா இரண்டு நாள் கழித்துத்தான் என்னோடு பேசினாள். ஆனால் அன்றைக்கு அந்தப் புள்ளிப் புள்ளி மஞ்சள் புடவையோடு சிற்றாலயத்தின் பின்பக்கம் நடந்துபோய், நினைத்தபடியே அம்மாவிடம் பூங்கொத்தை வைத்தாள். கூடவே மார்த்தா ஆன்ட்டியும் போனார். நான் தூரத்தில் நின்றேன்.

சி ரூசா ஹோட்டலைப் பற்றி யாரும் திரும்பப் பேசவில்லை. போன வருஷம் அக்கா மகனுக்குக் காது குத்தியதும் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான். தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைக்க வேண்டும், எங்களுக்கோ அண்ணன் தம்பி இல்லை, என்ன செய்வது என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தபோது, மார்த்தா ஆன்ட்டி சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: “மாமா எங்க லா? பம்பு மாமாவக் கூப்புடுங்க!” நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பிள்ளை என் மடியில் வீறிட்டான். முடிந்ததும் மாமனுக்குச் செய்ய வேண்டிய மரியாதை என்று ஒரு தட்டை என் முன்னால் வைத்தார்கள். அதில் வெற்றிலை, பழம், கரைபோட்ட எட்டு முழ வேட்டி, துண்டு. அடுத்த பிள்ளைக்கு இதைக் கட்டிக்கொண்டுதான் வந்து உட்கார வேண்டும் என்பது ஆன்ட்டியின் உத்தரவு.

வேட்டி இன்னும் உறை பிரிக்காமல் என் அலமாரியில் இருக்கிறது. அக்கா நேற்று போன் பண்ணினாள். மாங்காய் வேண்டுமாம், நல்ல புளிப்பாக.